நேசம்மாளின் சனிக்கிழமைகள்

செத்துப்போனவன் கோயில் ஒலிபெருக்கியில் வந்து பேசினால் சபைக் கமிட்டி என்ன செய்யும்? முதலில் ஜெபிக்கும். பிறகு இளைஞர் சங்கத்தைத் திட்டும். இரண்டுக்கும் பலன் இல்லை என்றால் எனக்கு ஃபோன் போடும். என் பெயர் அஜிஷா. புதுக்கடையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பேய் ஓட்டப்படும் என்று போர்டில் எழுதி வைக்கவில்லை.

ஃபோன் செய்தவர் செம்புளிவிளை சபையின் செயலர் ஆன்ட்ரூஸ் சார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பொங்கலுக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, நான் மத்தியானச் சோற்றில் கை வைத்த நேரம்.

"பிள்ளே, நம்ம கோயில் சிஸ்டத்த நீ வந்து ஒண்ணு பாக்கணும்."

"என்ன சார், ஆன் ஆகல்லியா?"

"ஆகாம இருந்தா நல்லதுல்லா. அதுக்குள்ள இருந்து எபிசன் பேசுதான்."

எபிசன் செத்துப் பத்து வருஷம் ஆகப்போகிறது. அவன் பெட்டியின் மேல் நானும் ஒரு பிடி மண் போட்டிருக்கிறேன். பயத்தை மறைக்கிறவர்கள் எல்லாரும் செய்வதைப்போல நானும் எரிந்து விழுந்தேன். "வெயில்ல நின்னியளா சார்?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "நீ வா மக்களே" என்று மட்டும் சொன்னார். அதில்தான் எனக்குப் பயம் கூடியது.

செம்புளிவிளைக் கோயிலில் மணி சொல்வது கம்ப்யூட்டர். கோபுரத்தில் நாலு குழாய் ஸ்பீக்கர்; கீழே, பாதிரியார் அங்கி மாற்றுகிற வெஸ்ட்ரி அறையில், ஆம்ப்ளிஃபயரும் ஒரு பழைய சிஸ்டமும். மணிக்கொரு தரம் அது மணியடித்து, நேரம் சொல்லி, ஒரு வசனமும் சொல்லும். யாராவது இறந்தால் துக்க அறிவிப்பும் அதில்தான் போகும். இந்தச் சிஸ்டத்தை 2016 ஜனவரியில் அங்கே பொருத்தியது நான். அதை ஓட்டியவன் எபிசன்.

எபிசன் என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவன். அவன் எலெக்ட்ரிகல், நான் கம்ப்யூட்டர். கணீரென்ற குரல், 'ழ' அவன் வாயில் வந்தால் இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்கலாம். சபையில் யார் இறந்தாலும் அறிவிப்பு வாசிக்க அவனைத்தான் கூப்பிடுவார்கள். "எடி, எனக்கக் குரல்ல தன் பேரு வந்தாத்தான் இந்த ஊர்ல ஒருத்தனுக்குச் செத்த திருப்தியே வரும்" என்று சொல்லிச் சிரிப்பான்.

சிஸ்டம் பூட்டிய அன்று நான் முதல் தடவை சுவிட்சைப் போட்டபோது திரை கறுப்பாக வந்து, மேலே ஒரே ஒரு வெள்ளை வரி நின்றது. ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லை என்று சொல்கிற வரி. எபிசனுக்கு அது பிடிக்கவில்லை.

"போர்டு இருக்கு, டிஸ்க் இருக்கு, ஸ்பீக்கர் இருக்கு. பாட்டும் டிஸ்க்ல இருக்கு. பாடிட்டுப் போக வேண்டியதுதானே? இதுக்கு மேல ஒரு ஓ.எஸ். எதுக்குடி?"

"நம்ம கோயில் அசனத்துல சோறு இருக்கு, சாம்பார் இருக்கு, இலை இருக்கு, ஆயிரம் பேரும் இருக்கு. பந்தி விசாரிக்க ஆள் இல்லன்னா என்ன ஆவும்?"

"மிதிச்சே நாலு பேரு சாவான்."

"அவ்வளவுதான். இவன் இப்பம் உக்காரட்டு, அவன் அடுத்த பந்தி, இது உனக்க இலை, அடுத்தவன் இலையில கை வைக்காத, ரசம் அங்கோட்டுப் போவட்டுன்னு ஒருத்தன் சொல்லணும். அவன்தான் ஓ.எஸ். டிஸ்குக்குப் பாட்டுன்னா என்னன்னு தெரியாது, ஸ்பீக்கருக்கு டிஸ்க் எங்க இருக்குன்னே தெரியாது. இவன் நடுவுல நிக்கல்லன்னா இது எல்லாம் வெறும் தகரம்."

நான் ஓ.எஸ். ஏற்றி முடிக்கிற வரை அவன் பக்கத்திலேயே நின்றான். இன்ன தேதி, இன்ன நேரம் என்று குறித்து வைத்தால் யாரும் தொடாமலே கம்ப்யூட்டர் அந்த வேலையைச் செய்யும் என்று காட்டிக் கொடுத்தேன். மணிக்கூண்டுக்கு அதுதான் தேவை. அவனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"அப்பம் நான் சொல்லி வச்சுட்டுப் போனா, நான் இல்லாட்டாலும் சொல்லுமா?"

"நீ செத்தாலும் சொல்லும் லே" என்றேன் நான்.

சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன். மூன்று மாதம் ஆகவில்லை. ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை, தேங்காய்ப்பட்டணம் ரோட்டில் டிப்பர் லாரி அவன் பைக்கை அடித்துத் தூக்கியது. இருபத்தொன்பது வயசு. அந்த வார்த்தையை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஸ்கூட்டரில் போகும்போது வழி நெடுக என் காதில் அதுதான் கேட்டது.

ஆன்ட்ரூஸ் சார் கோயில் வாசலிலேயே நின்றார். நடந்ததை நடையிலேயே சொன்னார். கிறிஸ்துமசுக்கு இரண்டு நாள் முன்னால், காலை ஒன்பது மணிக்கு, கோபுரத்தில் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தபோது, ஒலிபெருக்கியில் துக்க மணி அடித்திருக்கிறது. பிறகு எபிசனின் குரல். செம்புளிவிளை சபையைச் சேர்ந்த ஞானதாசன் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், அடக்க ஆராதனை மாலை நாலு மணிக்கு. நட்சத்திரம் கட்டியவன் ஏணியில் இருந்து இறங்கவே முடியாமல் அங்கேயே கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றானாம். அந்த ஞானதாசன் இறந்து பத்து வருஷம். ஊரில் ஞானதாசன் என்ற பெயரில் உயிரோடு ஒரு தையல்காரரும் உண்டு. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அவர் வீட்டுக்கு மாலையோடு ஓட, தையல்காரரே கையை நீட்டி அதை வாங்கியிருக்கிறார்.

"நம்ம வினோஜ் பயலுக்க சேட்டைன்னு நினைச்சேன்" என்றார் சார். இப்போது மணி சொல்கிற குரல் வினோஜுடையது. "அவன் வேதப்புத்தகத்துல அடிச்சுச் சத்தியம் பண்ணுனான். பெறவு இந்த மாசம் ஆறாந்தேதி ரோசம்மாளுக்க அறிவிப்பு வந்து. அவளும் செத்துப் பத்து வருசம். போன பத்தாம் தேதி இன்னொண்ணு. இனி யாருன்னு ஊரே மேல பாத்துக்கிட்டு இருக்கு."

வெஸ்ட்ரிக்குள் போய்த் திரையைப் பார்த்தேன். வலது மூலையில் மணி இரண்டு பத்து என்று சரியாகவே இருந்தது. அதன் மேல் மவுஸை நகர்த்தினேன். தேதி விரிந்தது. வெள்ளிக்கிழமை, ஏப்ரல் 1, 2016.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கோயில்குட்டி யோவான் அண்ணனைக் கூப்பிடச் சொன்னேன். கோயிலைத் திறப்பது, பெருக்குவது, மணியடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

"அண்ணே, ஐப்பசி மழையில கரண்ட் போச்சே, அதுக்குப் பெறவு இந்தக் கடிகாரத்தத் தொட்டியளா?"

"பின்ன? ஒரு பகல் பூராக் கரண்ட் இல்ல. வந்த பெறவு இது காலைல ஆறுக்கு ராத்திரி ரெண்டுன்னு அடிக்கு. வினோஜ் காட்டித் தந்த மாதிரி நான்தான் திருத்துனேன். நிமிசம் பிசகாம வச்சிருக்கேன், பாத்துக்க."

"நேரம் சரி. வருசம் பாத்தியளா?"

யோவான் அண்ணன் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "வருசம் எதுக்குப் பிள்ளே? கோயில்ல நாம மணியாக்கும் அடிக்கோம். வருசமா அடிக்கோம்?"

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. விஷயம் இவ்வளவுதான். போர்டில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கும். கரண்ட் இல்லாதபோதும் தேதியை மறக்காமல் வைத்திருப்பது அதுதான். பத்து வருஷத்தில் அது செத்துவிட்டது. கரண்ட் திரும்பியபோது போர்டு தனக்குத் தெரிந்த முதல் நாளில், 2016 ஜனவரி ஒன்றில், எழுந்திருக்கிறது. அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை, கரண்ட் வந்த நாளும் வெள்ளிக்கிழமை. அதனால் ஞாயிறு ஞாயிறாகவே வந்து, ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. வைரஸ் வரும் என்று கமிட்டி நெட் இணைப்புக் கொடுக்காததால் வெளியிலிருந்து சரியான தேதி வரவும் வழியில்லை. போர்டு சொன்ன தேதியை ஓ.எஸ். நம்பியது. எபிசன் குறித்து வைத்த துக்க அறிவிப்புகள் ஒன்றும் அழிக்கப்படாமல் அப்படியே கிடந்தன. அந்த நாள் வந்ததும் அது தன் வேலையைச் செய்தது. செய்யச் சொன்னவன் இருக்கிறானா என்று பார்க்கிற வேலையை நாங்கள் யாரும் அதற்குக் கொடுக்கவில்லை.

இதைச் சொன்னதும் ஆன்ட்ரூஸ் சாருக்கு உயிர் வந்தது. "அப்பம் ரெண்டு நிமிச வேலைதானே? முடிச்சிட்டுப் போ" என்று சாவியை யோவான் அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போனார். பையில் பேட்டரி இருந்தது. எடுத்து மேசை மேல் வைத்தேன். மாற்றுவதற்கு முன்னால், பழைய அறிவிப்புகளை அழித்துவிடலாம் என்று பட்டியலைத் திறந்தேன்.

எல்லாம் முடிந்துபோனவை. கடைசியில் ஒன்று மட்டும் காத்துக்கொண்டிருந்தது. அதன் பெயர் 'அம்மா'. ஓட வேண்டிய நேரம்: ஏப்ரல் 2, சனிக்கிழமை, காலை 11.00. அதாவது நாளைக்கு.

ஹெட்ஃபோனை மாட்டி அந்தப் பதிவைத் திறந்தேன். துக்க மணி அடித்தது. "செம்புளிவிளை சபையைச் சேர்ந்த நேசம்மாள்…" அதற்கு மேல் கேட்கத் தைரியம் இல்லை. நிறுத்திவிட்டேன்.

நேசம்மாள் எபிசனின் அம்மா. அவர் உயிரோடு இருக்கிறார். கோயில் மதிலை ஒட்டின வீடு. எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அந்த வருஷம் பிப்ரவரியில் அவருக்கு நெஞ்சில் நீர் கோத்து, சிறுநீரகமும் பழுதாகி, ஆஸ்பத்திரியில் கைவிட்டுவிட்டார்கள். ஒரு வாரம் தாங்கினால் பெரிசு, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா செத்த அன்று தன்னால் வாய் திறக்க முடியாது என்று எபிசனுக்குத் தெரிந்திருக்கிறது. வேறு யாரும் வாசிப்பதும் அவனுக்குச் சம்மதமில்லை. அதனால் முன்கூட்டியே வாசித்து வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் போனான். அம்மா எழுந்துவிட்டார். அவன் குரலை மணிக்கு மணி அந்த அம்மா கேட்க வேண்டாம் என்று ஆன்ட்ரூஸ் சார் ஒரு மாதம் சிஸ்டத்தின் ப்ளக்கையே பிடுங்கி வைத்திருந்தார். இது ஓட வேண்டிய நாள் அப்படிக் கடந்துபோயிருக்கிறது. நாளைக்கு அந்த நாள் மறுபடியும் வருகிறது.

அழித்துவிடலாம் என்றுதான் கை போனது. அப்போது பின்னால், "மக்களே, அஜிஷாவா?" என்று கேட்டது.

நேசம்மாள்தான். அறுபத்தைந்து வயசிருக்கும். வெள்ளைச் சேலை, முழங்கையில் ஒரு குடை. கிறிஸ்துமசிலிருந்து தினமும் காலையிலேயே வந்து கோயிலுக்குள் உட்கார்ந்துகொள்கிறார் என்று யோவான் அண்ணன் சொல்லியிருந்தார். மகன் குரல் எப்போது வரும் என்று தெரியாதே.

"நீ இதச் சரியாக்கத்தானே வந்த? வேண்டாம்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல" என்றார். "பத்து வருசம் கழிச்சு அவன் பேசுனான். முருங்கக்கீரை ஆஞ்சிட்டு இருந்தேன். கேட்டதும் கீரை பாட்டுல கீழ விழுந்து. சாவுச் சேதிதான் சொன்னான். இருந்தாலும் அவன்லா சொன்னான். இனி ஒண்ணும் இல்லியா மக்களே?"

"இல்ல மாமி. தீந்துட்டு" என்றேன்.

அவர் என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் போனவர், எழுத்துத் தெரியும். நான் அதை மறந்தே போனேன்.

"அதுல அம்மான்னு போட்டிருக்கே."

எனக்குப் பொய் சொல்லப் பழக்கம் உண்டு. வாரண்டி முடிந்த மெஷினுக்கு நாலு பொய் சொல்லித்தான் கடை ஓடுகிறது. அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. சொன்னேன். நாளைக்குப் பதினோரு மணி என்பதையும் சொன்னேன்.

அவர் பாதிரியாரின் நாற்காலியில் உட்கார்ந்தார். குடையின் பிடியைத் தடவினார். "நான் மூச்சு விட்டுக்கிட்டுக் கிடக்கும்பமா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

"பக்கத்துல இருந்து கஞ்சி கோரித் தந்தானே. நீ எந்திரிப்ப அம்மா, நீ எந்திரிப்பன்னு நாழிகைக்கு நாழிகை சொன்னானே. அங்க வச்சு அப்படிச் சொல்லிட்டு, இங்க வந்து எனக்கு நாள் குறிச்சு வச்சிருக்கானா?"

பதிலுக்கு நிற்காமல் எழுந்து போய்விட்டார். குடையை விட்டுவிட்டுப் போனார். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. அந்தக் குரல்தான் அவருக்குக் கிடைத்த ஒரே கிறிஸ்துமஸ். அதையும் நான் பிடுங்கிக்கொண்டேன். கோபத்தில் அந்த வரியை அழிக்கப்போய், கைதவறி இரண்டு தடவை அமுக்கிவிட்டேன். அழிவதற்குப் பதிலாக அது திறந்துகொண்டது.

உள்ளே, குறிப்பு எழுதுகிற ஒரு கட்டம் உண்டு. யாரும் அதில் எழுதி நான் பார்த்ததில்லை. எபிசன் எழுதியிருந்தான்.

20 போச்சு.
27 போச்சு.
5 போச்சு.
12 போச்சு.
19 போச்சு.
26 போச்சு.

கீழே ஒன்றும் இல்லை. புரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. பிறகு வெஸ்ட்ரிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பேட்டரியை மாற்றவில்லை. கோபுரத்துக்குப் போகிற ஸ்பீக்கர் ஒயரை மட்டும் பிடுங்கிவிட்டு, "நாளைக்கு வந்து முடிக்கேன்" என்று யோவான் அண்ணனிடம் சொன்னேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் குடையோடு நேசம்மாள் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்து கிடந்தது. அவர் குளித்து, நல்ல சேலை உடுத்து, தலை வாரி, கட்டிலில் படுத்திருந்தார்.

"மாமி!"

"செத்துப் போகல்ல. இன்னும் நேரம் இருக்குல்லா?" என்றார். கண்ணைத் திறக்கவில்லை. "அவன் குறிச்ச நாள். போவத்தானே வேணும்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கால் இரண்டையும் சேர்த்து வைத்திருந்தார். கைகளை நெஞ்சின் மேல் கோத்திருந்தார். வெளியே பட்டப்பகல், தெருவில் மீன்காரர் ஹார்ன் அடிக்கிறார். பேய் இல்லை என்று ஊருக்கெல்லாம் விளக்கம் சொன்னவள் நான்தான். ஒரு மனுஷி சாகத் தயாராகிப் படுத்திருக்கும்போது அந்த விளக்கமெல்லாம் எந்த மூலைக்கு? கட்டிலில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துப் பிரித்தேன்.

"மாமி, ஆஸ்பத்திரில என்னைக்கு ஒரு வாரம்னு சொன்னாவ?"

"சனிக்கிழமையாக்கும். பிப்ரவரி பதிமூணு."

"அவன் முதல்ல குறிச்சது இருபதாம் தேதி. டாக்டர் சொன்ன அதே நாள். நீங்க போகல்ல. உடனே 'இருபது போச்சு'ன்னு எழுதி வச்சுட்டு, இருபத்தேழுக்குத் தள்ளிட்டான். இருபத்தேழும் போச்சு. அஞ்சுக்குத் தள்ளுனான். இப்படி ஆறு தரம் மாமி. ஒவ்வொரு சனிக்கிழமையும் கோயிலுக்கு வந்து உங்களுக்க சாவ அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளித் தள்ளி வச்சிருக்கான். கடைசியாத் தள்ளுனது ஏப்ரல் ரெண்டுக்கு. அதத் தள்ளதுக்கு அவன் இல்ல."

நேசம்மாள் கண்ணைத் திறந்தார். கூரையையே பார்த்தார். "சனிக்கிழமைன்னா அவன் சிரிச்சுக்கிட்டு வருவான்" என்றார் மெதுவாக. "பதினொன்ற ஆவும். என்ன லே சிரிப்புன்னு கேப்பேன். ஒண்ணுமில்ல அம்மான்னு சொல்லிக் கால அமுக்கி விடுவான்."

பிறகு எழுந்து உட்கார்ந்தார். "அப்பம் எனக்கு அது கேக்கணும்."

"நான் இப்பமே போட்டுத் தாறேன், வாங்க."

"நீ போடாத. அவன் சொல்லி வச்ச நேரத்துக்கு அவன் சொல்லட்டு."

வெஸ்ட்ரியில் நாங்கள் இரண்டு பேர். வாசலில் யோவான் அண்ணன். கோபுர ஒயர் இல்லை. மேசை மேலிருந்த சின்ன ஸ்பீக்கர் மட்டும். பத்து ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது. நேசம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அவர் நாடி ஓடுகிறதா என்று என் விரல் தானாகத் தேடியது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிஷம் நானும் நம்பினேன். மணி பதினொன்றானதும் கை என் கையிலிருந்து தொங்கிவிடும் என்று நம்பினேன்.

துக்க மணி அடித்தது. எபிசன் பேசினான்.

"செம்புளிவிளை சபையைச் சேர்ந்த நேசம்மாள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். இவர்கள் காலஞ்சென்ற செல்லையனின் மனைவியும்…"

நின்றான். அடுத்தது 'எபிசனின் தாயாரும் ஆவார்கள்' என்று வர வேண்டும். எத்தனை வீட்டுக்கு எத்தனை பெயர் வைத்து வாசித்தவன். அவன் மூச்சு விடுவது கேட்டது.

"…எனக்க அம்மாவும் ஆவார்கள். அடக்க ஆராதனை இன்று மாலை நான்கு மணிக்கு நடைபெறும்."

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. நாற்காலி கிறீச்சிட்டது. பதிவை நிறுத்த மறந்திருக்கிறான். மூக்கை உறிஞ்சினான். தூரத்தில் எங்கோ ஒரு காக்கை கத்தியது, பத்து வருஷத்துக்கு முந்தின காக்கை. பிறகு, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோல, மெதுவாக:

"இது சும்மா வச்சிருக்கேன் அம்மா. நீ போவாத என்னா? சனிக்கிழமை வரட்டு. நான் மாத்தி வைக்கேன்."

அதோடு நின்றுவிட்டது.

நேசம்மாள் அழவில்லை. வாயைச் சேலைத் தலைப்பால் பொத்தியிருந்தார். ஆனால் கண்ணில் ஒரு சிரிப்பு இருந்தது. சனிக்கிழமை பதினொன்றரைக்கு எபிசன் முகத்தில் வந்த சிரிப்பு இதுவாகத்தான் இருக்கும். பிறகு என்னைப் பார்த்தார்.

"அவன் போன பெறவு தள்ளி வைக்க ஆளில்லாமப் போச்சு. இனி நீ தள்ளி வை மக்களே."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பயந்து போனவளுக்குத்தான் அப்படிக் கோபம் வரும். விளக்கினேன். வருஷத்தைச் சரிசெய்தால் இந்தத் தேதி பழங்கதை ஆகிவிடும், இனி ஓடாது. குரல் வேண்டுமென்றால் ஃபோனில் ஏற்றித் தருகிறேன், எப்போதும் கேட்கலாம். உங்கள் நேரம் வரும்போது, நூறு வயசுக்கு வரட்டும், நானே வந்து இந்தப் பதிவை ஒரு தரம் அமுக்கிவிடுகிறேன், ஊரெல்லாம் கேட்கும். தேதி குறித்து வைத்தால், ஒரு வாரம் நான் மறந்துவிட்டால், உயிரோடு இருக்கிற உங்களைச் செத்துப்போனீர்கள் என்று நாலு குழாயும் சொல்லும், தையல்காரர் கதைதான் உங்களுக்கும். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"நீ சொல்லுதது சரிதான். ஆனா அவன் தள்ளி வச்சான், நான் இருந்தேன்" என்றார். "அதுக்கு உனக்கிட்ட கணக்கு உண்டா?"

புதுப் பேட்டரி போட்டேன். வருஷத்தை 2026 ஆக்கினேன். கோபுர ஒயரைத் திரும்பச் சொருகினேன். எபிசன் குறித்து வைத்த மற்ற அறிவிப்புகளை அழித்தேன். கடைசியில் அந்த ஒன்றைத் திறந்தேன். ஜனவரி 24, சனிக்கிழமை, காலை 11.00 என்று அடித்தேன். கீழே, அவன் எழுதிய வரிகளுக்கு அடியில், '17 போச்சு' என்று எழுதினேன்.

இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. சனிக்கிழமை காலையில் புதுக்கடையில் என் கடை பூட்டித்தான் இருக்கும். வருகிறவர்கள் ஏசுகிறார்கள், ஏசட்டும். பத்தரைக்கு நான் வெஸ்ட்ரியில் இருப்பேன். ஆன்ட்ரூஸ் சாரிடம் மெயின்டனன்ஸ் என்று சொல்லியிருக்கிறேன். அவர் நம்பவில்லை, கேட்கவும் இல்லை.

போன சனிக்கிழமை வழியில் ஸ்கூட்டர் டயர் போய்விட்டது. பத்து நாற்பது. ஆட்டோ எதுவும் வரவில்லை. யோவான் அண்ணனுக்கு ஃபோன் போட்டால் எடுக்கவில்லை. வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். முப்பத்தொன்பது வயசில், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ரோட்டில் போகிற பஸ்ஸெல்லாம் பார்க்க ஓடினேன். குழாய் தவறாக அறிவித்துவிடும் என்றா ஓடினேன்? இல்லை. அது சொல்வது தவறாக இல்லாமல், உண்மையாகவே ஆகிவிடும் என்று பயந்து ஓடினேன். எபிசனிடம் நான் சொன்னது சரிதான்: ஒருவன் செத்தாலும் அவன் சொல்லி வைத்ததை அது சொல்லும். இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் உயிரோடு ஒரு ஆள் வேண்டும் என்பதை அன்றைக்கு நான் சொல்லவில்லை.

போய்ச் சேரும்போது பத்து ஐம்பத்தாறு. வெஸ்ட்ரி வாசல்படியில் நேசம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். என் கோலத்தைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்தது.

"வந்தியா மக்களே? பைய வந்தா போராதா?"

உள்ளே போய் நின்றபடியே மார்ச் 21 என்று அடித்தேன். அவசரத்தில் இரண்டு தரம் தப்பு வந்தது. பிறகு கட்டத்தில் எழுதினேன்.

14 போச்சு.